மலர்க் குழுவும் தானாக நின்ற குடையும்

ஆம்பூரில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஹார்டன் துரை நினைவு ஆலயத்தில் காணிக்கைப் பெட்டிக்கு மூன்று பூட்டுகள். ஒரு சாவி சபைப் போதகரான ஆயரிடம், ஒரு சாவி செயலாளரிடம், ஒரு சாவி பொருளாளரிடம். மூன்று பேரும் ஒன்றாக வந்து நின்றால்தான் பெட்டி திறக்கும். ஒருவர்மேல் ஒருவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஆகவே 2003ஆம் ஆண்டு, நூற்றாண்டு விழா மலர் தயாரிப்பதற்கென்று சபை ஒரு கம்ப்யூட்டர் வாங்கியபோது, அதற்கு மட்டும் வேறு நியாயம் இருக்க முடியுமா? கீபோர்டு செயலாளர் ஜெயகரன் சார் வீட்டுக்குப் போனது. மவுஸ் பொருளாளர் ஜெஃப்ரியின் வீட்டுக்குப் போனது. கரண்ட் வயர் ஆயர் பங்களாவுக்குப் போனது. மிச்சமிருந்த பெட்டியும் திரையும் ஆலய அலுவலகத்தில், பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பூவேலை செய்து கொடுத்த உறைக்குள் அடக்கமாக உட்கார்ந்திருந்தன. உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஊரில், அந்த அறைக்குள் ஷூ போட்டு வரக் கூடாது என்று ஒரு பலகையும் தொங்கியது.

இந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்ய அழைக்கப்பட்டவள் பெர்சிஸ். ஷூ கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் அட்டைப்பெட்டி லேபிள்கள் டைப் அடிப்பவள். அவளுடைய அப்பா சாமுவேல் அதே ஆலயத்தில் வெகுகாலம் மணியடித்தவர். முழங்கால் ஒத்துழைக்காமல் போனபிறகு வீட்டில் உட்கார்ந்து, புதிதாக வந்தவன் மணியை எப்படியெல்லாம் தப்பாக அடிக்கிறான் என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டரில் படம் வரையலாம் என்பதைப் பெர்சிஸ் முந்தின வருஷம்தான் கண்டுபிடித்திருந்தாள். உலகம் அதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. பஜாரில் பிரியாணிக் கடை மாடியில் இருந்த ஹபீப் பாயின் பிரவுசிங் சென்டர் வரைக்கும் அது வந்துசேர அவ்வளவு நாள் பிடித்தது. ஏதோ வேலைக்கு விண்ணப்பம் அனுப்பப் போனவள் எதையோ தவறாக அமுக்கிவிட்டாள். திரையில் மேலிருந்து ஒரு படம் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. முதலில் வானம் வந்தது. பிறகு ஓட்டுக்கூரை. கீழே போய் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் கூரைமேல் ஒரு பூனை. யாரோ தூரிகை இல்லாமல், சாயம் இல்லாமல் வரைந்திருந்தார்கள். எந்த மென்பொருளில் வரைந்தது என்றும், அதை யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்றும் அடியில் எழுதியிருந்தது.

"சும்மா குடுக்கிறான்னா அதுல ஏதோ வில்லங்கம் இருக்கும்மா" என்றார் ஹபீப். "வைரஸ் கிரஸ் வந்துச்சுன்னா பேஜாராப் போயிடும்." ஆனாலும் அவரே அதை இறக்கிக் கொடுத்தார். அது இறங்கி முடிவதற்குள் கம்பெனியில் ஒரு ஷிப்டு முடிந்திருந்தது.

அதற்கப்புறம் பெர்சிஸின் சாயங்காலங்கள் எல்லாம் அந்த மாடியில்தான். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போல படத்தை அடுக்கு அடுக்காகப் போடலாம் என்று தெரிந்துகொண்டாள். ஓரிடத்துப் புல்லை எடுத்து இன்னோரிடத்தில் பூசினால், அங்கே இருந்தது காணாமல் போகும் என்று தெரிந்துகொண்டாள். எல்லாவற்றுக்கும் மேலாக, செய்த தப்பைச் செய்யாததாக்கும் ஒரு வழி அதில் இருந்தது. இரண்டு பொத்தானை அமுக்கினால் போதும். லேபிளில் ஓர் எழுத்து தப்பினால் சூப்பர்வைசர் நாள் முழுக்கக் கத்தும் வாழ்க்கையில், இப்படி ஒரு மன்னிப்பு கிடைக்கும் என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவள் அதற்கு முன்பு இருந்ததில்லை, உண்மையைச் சொன்னால்.

தோல் பதனிடும் டேனரிக்குப் பின்னால் ஓடும் கால்வாயை வரைந்து, அந்தப் பூனைப் படம் இருந்த பக்கத்திலேயே ஏற்றினாள். பின்லாந்திலிருந்து ஒருவர், இப்படி ஒரு நீலத்தை எப்படிக் கற்பனை செய்தாய் என்று கேட்டு எழுதினார். கற்பனை இல்லை, இங்கே தண்ணீரே அந்த நிறம்தான் என்று இவள் பதில் போட்டாள். அதை அவர் கவிதை என்று நினைத்துப் பாராட்டினார்.

தெரிந்ததை எல்லாம் தனக்கே வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியவில்லை. பாடகர் குழுவில் பக்கத்தில் நிற்கும் டோரதி, பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவள். அவளையும் கூட்டிப்போய், ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து, அடுக்கு போடுவதிலிருந்து ஆளை மறைப்பது வரை அத்தனையும் சொல்லிக்கொடுத்தாள். "நீ மட்டும் இல்லன்னா எனக்கு யாருடி இதெல்லாம் சொல்லித் தருவாங்க" என்று டோரதி கண்கலங்கினாள். அந்தக் கலக்கம் அப்போது உண்மைதான்.

பல சாயங்காலங்கள் செலவழித்து, மழையில் நனையும் ஆலயத்தைப் பெர்சிஸ் வரைந்தாள். அதன் பிரதி ஒன்று ஆயர் கைக்குப் போனது. ஆயரிடமிருந்து கமிட்டிக்குப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் இந்நாள் செயலாளருமான ஜெயகரன் சாரே சாமுவேலின் வீடு தேடி வந்துவிட்டார்.

"தோத்திரம் சாமுவேல். உம் பொண்ணு கம்ப்யூட்டர்ல நல்லா படம் போடுதாமே. மலர் வேலைக்கு வரச் சொல்லு. இது ஊழியம். சம்பளம்னு பேசி நான் அந்தப் பொண்ணை அவமானப்படுத்த மாட்டேன்."

சாமுவேல் தலையாட்டினார்.

"இன்னொரு விஷயம். மலர்ல முதல் பக்கம் என்னா போட்டோ தெரியுமா? எண்பத்தொண்ணுல சபைக் கூடத்துக்கு அஸ்திவாரக் கல் வெச்சப்போ எடுத்தது. பழைய பேராயருக்கு நீ குடை பிடிச்சிட்டு நிக்கிற பாரு, அதே போட்டோ. நூறு வருஷ சரித்திரத்துல உன் மூஞ்சி இருக்கும்யா. நான் வாக்கு குடுக்கிறேன்."

அவர் போனபிறகும் சாமுவேல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்கென்று ஒழுங்கான போட்டோ எதுவும் வீட்டில் கிடையாது. கல்யாணப் படம் கூரை ஒழுகிக் கெட்டுவிட்டது. ரேஷன் கார்டில் இருப்பவர் வேறு யாரோ போலிருப்பார். "பெர்சி, நல்லா செஞ்சு குடும்மா" என்றார் கடைசியில். "அந்தப் படம் புக்குல வந்தா, நான் போனப்புறமும் இருக்கும்ல." மறுநாளே பஜாரில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஹபீபிடம் இரண்டு தடவை சொன்னார்.

அந்தப் படத்தைப் பெர்சிஸ் ஹபீப் கடையில் ஸ்கேன் செய்துகொண்டு வந்தாள். தூறலில் எடுத்த படம். நடுவில் பேராயர். இரண்டு பக்கமும் அன்றைய கமிட்டிக்காரர்கள். பேராயருக்குப் பின்னால், கொஞ்சம் எட்டி நின்று, கையை நீட்டிக் குடை பிடித்திருக்கும் சாமுவேல். குடைக்குக் கீழே பேராயர் உலர்ந்திருந்தார். குடைக்கு வெளியே இருந்த சாமுவேலின் சட்டை உடம்போடு ஒட்டிக்கிடந்தது. அவர் மட்டும்தான் அந்தப் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்.

வேலை ஆரம்பமானது. ஆயர் கரண்ட் வயரோடு வருவார். ஜெயகரன் சார் கீபோர்டைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வருவார். ஜெஃப்ரி, கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் காண்டிராக்டர், மவுஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைசியில் வருவார். மவுஸ் வராமல் ஒன்றும் நடக்காது என்று அவருக்குத் தெரியும். மூன்றும் பொருத்தப்படும். ஜெபம் நடக்கும். பிறகு பெர்சிஸ் உட்காரலாம். படத்தில் எதைத் தொடுவதானாலும் ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும்.

முதல் தீர்மானம் ஒரு நாயைப் பற்றியது. எண்பத்தொன்றில் பேராயர் காலடியில் ஒரு தெருநாய் படுத்திருந்தது.

"நாய் போட்டோவுல இருந்தா சபைக்கு என்னா மரியாதை?" என்று ஜெஃப்ரி முன்மொழிந்தார். ஏகமனதாக நிறைவேறியது. படத்தில் பக்கத்திலிருந்த குரோட்டன்ஸ் செடித் தொட்டியைப் பெர்சிஸ் எடுத்து நாய்மேல் பூசினாள். நாய் போய்த் தொட்டி வந்தது. மூன்று பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஆயர் "கர்த்தர் பெரியவர்" என்றார்.

பூசும்போது பேராயரின் ஷூ முனை கொஞ்சம் போய்விட்டதை அப்போதுதான் பெர்சிஸ் கவனித்தாள். பழக்கத்தில் அந்த இரண்டு பொத்தானை அமுக்கினாள். ஷூ வந்தது. கூடவே நாயும் வந்து படுத்துக்கொண்டது.

ஜெயகரன் சாரின் முகம் சிவந்தது. "இன்னாம்மா இது? இந்தக் கமிட்டி ஏகமனதா நீக்கின நாயைத் திரும்பக் கொண்டாந்து படுக்க வெக்க உனக்கு யாரு அதிகாரம் குடுத்தது?"

"தப்பாயிடுச்சு சார். திருத்தத்தான்..."

"கமிட்டி தப்பு பண்ணாது. அப்படியே பண்ணாலும் அதைத் திருத்துறது வழக்கமில்ல."

அன்றிலிருந்து, செய்ததைச் செய்யாததாக்கும் பொத்தானைக் கமிட்டித் தீர்மானம் இல்லாமல் அமுக்கக் கூடாது என்று ஆயிற்று. வேலை செய்யும் முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்கிறேன் என்று பெர்சிஸ் கேட்டதற்கும் அனுமதி கிடைக்கவில்லை. ஒரே போட்டோ இரண்டு விதமாக இருந்தால் சபை இரண்டாகப் பிரிந்துவிடும் என்று ஜெஃப்ரி அஞ்சினார். அடுக்குகள் என்றால் என்ன என்று அவள் விளக்கியபோது மட்டும் ஜெயகரன் சார் மகிழ்ந்தார். மேலே இருப்பவர் கீழே இருப்பவரை மறைக்கலாம், கீழே இருப்பவர் இருந்துகொண்டே இருப்பார், ஆனால் தெரியமாட்டார் என்றதும், "நம்ம கமிட்டி மாதிரியே இருக்குதே" என்றார்.

நாய்க்குப் பிறகு ஒரு கரண்ட் கம்பம் போனது. கம்பத்துக்குப் பிறகு ஒரு மனிதர்.

அவர் முன்னாள் பொருளாளர். போன தேர்தலில் ஜெஃப்ரியிடம் தோற்றவர். எண்பத்தொன்றில் வாலிபனாகப் பேராயருக்கு இடப்பக்கம் விறைப்பாக நின்றிருந்தார்.

"சபை அவரை வேணாம்னு சொல்லிடுச்சு. போட்டோ மட்டும் ஏன் அவரை வெச்சுக்கணும்?" என்றார் ஜெஃப்ரி.

"சார், அன்னிக்கு அவரு அங்க நின்னாரே" என்றாள் பெர்சிஸ்.

ஜெயகரன் சார் பாடம் நடத்தும் குரலுக்குப் போனார். "நின்னது சரித்திரம்மா. நாம போடுறது மலர். சரித்திரம் வேற, மலர் வேற. சரித்திரத்துல எல்லாரும் இருப்பாங்க. மலர்ல இருக்கத் தகுதி வேணும்."

பெர்சிஸுக்குக் கை வரவில்லை. திரையில் அப்பாவின் நனைந்த சிரிப்பைப் பார்த்தாள். இந்த வேலையை விட்டால் வேறு யாரிடமோ போகும், அவர்கள் அப்பாவை என்ன செய்வார்களோ என்று நினைத்தாள். குரோட்டன்ஸ் தொட்டியை எடுத்து அந்த வாலிபன்மேல் பூசினாள். தலை மறையும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. முன்னாள் பொருளாளருக்கு ஓட்டுப் போட்டவர்கள் ஒவ்வொருவராகத் தொட்டியானார்கள். படத்தில் தாமும் நின்ற ஜெயகரன் சார், அந்தக் காலத்தில் தமக்கு முடி ஜாஸ்தி, கேமராவில்தான் கம்மியாக விழுந்திருக்கிறது என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். முடி வைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்தில் இன்னும் கொஞ்சம் வைக்கப்பட்டது. கடைசியில் ஜெஃப்ரி, கோட்டுப் போட்டுக் கைகட்டி நிற்கும் தம்முடைய படம் ஒன்றைக் கொடுத்து, இதையும் உள்ளே சேர் என்றார்.

"சார், எண்பத்தொண்ணுல நீங்க..."

"அஞ்சாங்கிளாஸ் படிச்சிட்டு இருந்தேன். ஒத்துக்கிறேன். அன்னிக்கு ஜுரம், வீட்ல படுத்திருந்தேன். ஆனா மனசால நான் அங்கதான் நின்னேன். மனசைப் பார்க்கிறவர் கர்த்தர். உன் கம்ப்யூட்டர் எதைப் பார்க்குது?"

ஆயர் கரண்ட் வயரை வருடியபடி, "அவர் விசுவாசத்தைத் தடுக்க வேணாம்மா" என்றார். பெர்சிஸ் ஜெஃப்ரியை ஓரமாக, ஒரு தொட்டிக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்தாள். எல்லாம் முடிந்து பார்த்தபோது பேராயர் ஏதோ நாற்றுப் பண்ணையைத் திறந்து வைக்க வந்தவர் போலிருந்தார். ஆனாலும் குடை இருந்தது. குடையைப் பிடித்தபடி அப்பா இருந்தார். அது போதும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் கமிட்டி அவளுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டது. அச்சுக்குப் போகும் வேலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அதற்குச் சற்று முன்னால் ஹபீப் பயந்தபடியே கடையில் வைரஸ் வர, அவர் எல்லாக் கம்ப்யூட்டரையும் துடைத்தெடுத்திருந்தார். முதலில் ஸ்கேன் செய்ததும் அதோடு போயிற்று. காகிதப் படத்தைப் பத்திரப்படுத்துவதாக வாங்கிவைத்த ஜெயகரன் சாருக்கு, எங்கே பத்திரப்படுத்தினோம் என்பது மறந்துவிட்டது. டோரதி கொஞ்ச நாளாகப் பாடல் பயிற்சியில் வேறு வரிசையில் நின்றாள். தொண்டை சரியில்லை, கதவுப் பக்கம் நின்றால் காற்று வருகிறது என்றாள்.

விழா நவம்பரில் வந்தது. சாமுவேல் புதுச் சட்டை போட்டுக்கொண்டு முதல் மணிக்கு முன்பே போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். இப்போதைய பேராயர் வந்தார். ஆராதனை முடிந்து மலர் வெளியிடப்பட்டது. பெஞ்சு பெஞ்சாகப் பிரதிகள் கைமாறி வந்தன.

அட்டையில் பெர்சிஸ் வரைந்த ஆலயம் மழையில் நனைந்துகொண்டிருந்தது. உள்ளே திருப்பினாள். அட்டை ஓவியம்: ஆலயக் கம்ப்யூட்டர் என்று அச்சடித்திருந்தது.

முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

ஜெஃப்ரி ஓரத்திலிருந்து நகர்ந்து பேராயருக்கு நேர் பின்னால் வந்திருந்தார். கோட்டுப் போட்டுக் கைகட்டி நின்றார். அவருடைய தோளுக்குமேல், காற்றில், ஒரு குடை நின்றது. காம்பு பாதியில் முடிந்திருந்தது. பிடித்திருந்த கை இல்லை. கைக்குரிய ஆளும் இல்லை.

முன்வரிசையில் சாமுவேல் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெர்சிஸ் அவரிடம் போனாள்.

"குடை நம்மளுதுதான்மா" என்றார் அவர். "ஒரு கம்பி வளைஞ்சிருக்கு பாரு, அதேதான். நான் எங்க இருக்கேன்? கண்ணு சரியாத் தெரியல. நீ பாத்து சொல்லேன்."

அவர் விரலால் ஒவ்வொரு தொட்டியாகத் தடவிக்கொண்டே போனார். மறுபடி முதலிலிருந்து வந்தார். பிறகு புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு யோசித்தார்.

"அன்னிக்கு நான் வரலையோ? ஜுரமா படுத்துட்டேனோ இன்னாவோ" என்றார். "புக்குல போட்டிருக்காங்கன்னா சரியாத்தானே இருக்கும்."

ஜுரத்தில் படுத்திருந்தவர் கோட்டுப் போட்டு நின்றார். நின்றவருக்கு ஜுரம் வந்துவிட்டது.

இதற்குள் பெண்கள் பக்கத்தில் யாரோ குடையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கிசுகிசுப்பு பெஞ்சு தாண்டிப் பரவியது. ஆயருக்கு முதலில் விஷயம் புரியவில்லை. புரிந்ததும், ஒலிபெருக்கிக்கு வந்தார். "பிரியமானவர்களே, மனுஷக் கை பிடிக்காத குடை ஒன்று நம் மலரின் முதல் பக்கத்திலே நிற்கிறது. இதற்கு நான் என்ன விளக்கம் சொல்வேன்? எனக்கே விளக்கம் இல்லை. விளக்கம் இல்லாததைத்தானே அற்புதம் என்கிறோம்!" சபை அல்லேலூயா சொன்னது. ஒருத்தி அழுதாள்.

பெர்சிஸ் கதவுப் பக்கம் போய் டோரதியின் கையைப் பிடித்தாள்.

"யாருடி பண்ணது?"

டோரதி தரையைப் பார்த்தாள். "ஆலய ஆபீஸ்ல எனக்கு வேலை போட்டுக் குடுத்துட்டாங்கடி. எங்க வீட்டு நெலம உனக்குத் தெரியும். ஜெஃப்ரி சார் நடுவுல வரணும்னாரு. உங்கப்பா இருந்த இடம் ஒண்ணுதான் காலி பண்ண முடிஞ்சது. குடையையும் எடுக்கச் சொன்னாங்க. அதை எடுத்தா பேராயர் தலையும் கூடவே போவுது. அதான் விட்டுட்டேன்."

"எங்கப்பாவை எப்படிடி அழிச்ச?"

"நீ சொல்லிக் குடுத்த மாதிரிதான்" என்றாள் டோரதி. "கொஞ்சம் கொஞ்சமா, ஓரத்துல இருந்து."

பெர்சிஸ் அவள் கையை விட்டுவிட்டாள். பின்லாந்துக்காரர் முகம் தெரியாத தூரத்தில் இருந்துகொண்டு, அவளுடைய கால்வாயை அவளுடையது என்றார். ஒரே நாற்காலியில் பாதி கொடுத்து உட்கார வைத்தவள் அவளுடைய அப்பாவைத் துடைத்திருக்கிறாள். தான் அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு துடைத்த வாலிபனும் நினைவுக்கு வந்தான். அவனுக்கும் ஒரு மகள் இருப்பாள், இந்நேரம் புத்தகத்தில் தேடிக்கொண்டிருப்பாள்.

ஜெயகரன் சார் வராந்தாவில் மாலைகளை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரே போய்க் கேட்டாள்.

"வாக்கு குடுத்தீங்களே சார்."

"வாக்கு குடுத்தது நான். நீக்கினது கமிட்டி" என்றார் அவர் கோபமே இல்லாமல். "அதுவும் நீக்கினோம்னு சொல்லாத. இடம் பண்ணினோம். சாமுவேல் ஊழியத்தை இந்தச் சபை என்னிக்கும் மறக்காது. அதனாலதான் குடையை விட்டு வெச்சிருக்கோம். ஒரு மணியடிக்கிறவருக்கு இதுக்கு மேல இன்னா மரியாதை செய்யணும்ங்கிற?"

"அட்டையில என் பேரு?"

"நீ எங்கம்மா வரஞ்ச? கம்ப்யூட்டர்தானே வரஞ்சது. கம்ப்யூட்டர் சபையுது. நான் கணக்கு வாத்தியார், எனக்கே தெரியுது."

அவள் பதில் சொல்வதற்குள் எல்லாரும் வெளியே வர ஆரம்பித்துவிட்டார்கள். தோட்டத்தில் நூற்றாண்டுக் கல் திறப்பு. பேராயர் கல்லுக்கு முன்னால் போய் நின்றார். நாடாவைக் கையில் பிடித்தார். அப்போது பார்த்துத் தூற ஆரம்பித்தது.

கமிட்டி கலங்கிப்போனது. பந்தல், மாலை, பேண்டு வாத்தியம் எல்லாவற்றுக்கும் உபகுழு போட்டிருந்தார்கள். குடைக்குப் போடவில்லை. ஜெயகரன் சார் கூட்டத்தைத் துழாவிப் பார்த்துக் கத்தினார். "சாமுவேல்! யோவ் சாமுவேல்! குடை!"

வராந்தாப் படியில் உட்கார்ந்திருந்த சாமுவேல் எழுந்துவிட்டார். முழங்கால் வலிக்கும் மனிதர் அப்படி எழுந்ததைப் பெர்சிஸ் வெகுநாளாகப் பார்த்ததில்லை. மணிக்கூண்டுக்கு அடியில் மாட்டியிருந்த அதே பெரிய கறுப்புக் குடையை எடுத்து விரித்து, பேராயருக்குப் பின்னால் போய்க் கொஞ்சம் எட்டி நின்று கையை நீட்டினார். வளைந்த கம்பி ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருந்தது. புதுச் சட்டை நனைய ஆரம்பித்தது.

போட்டோகிராபர் கேமராவைத் தூக்கினான். தூக்கியவன் தயங்கினான். "குடை பிடிக்கிறவரு மறைக்கிறாரு சார். கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லட்டா?"

"அவரு நிக்கட்டும்பா" என்றார் ஜெஃப்ரி, பேராயர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு. "அப்புறமா கம்ப்யூட்டர்ல அழிச்சுக்கலாம்."

சாமுவேல் அதைக் கேட்டார். கேட்டது முகத்தில் தெரிந்தது. முகத்திலிருந்து கைக்கு இறங்கவில்லை. குடை அசையாமல் நின்றது.

பெர்சிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். அப்பாவின் கையிலிருந்து குடையை வாங்கினாள். பேராயரின் தலைக்குமேலேயே அதை மடக்கினாள். மழை நேராகப் பேராயர்மேல் விழுந்தது.

"ஏய்! ஏய்! இன்னா பண்ற?" ஜெயகரன் சார் ஓடி வந்தார்.

"எங்கப்பா எதுக்கு சார்? குடை தானா நிக்குமே" என்றாள் பெர்சிஸ். எல்லாருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னாள். "மலர்லயே போட்டிருக்கீங்களே. அல்லேலூயா எல்லாம் சொன்னீங்களே. கூப்பிடுங்க, வரும்."

கமிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், தூரத்தில், முன்னாள் பொருளாளராகத்தான் இருக்க வேண்டும், சத்தமாகச் சிரித்தார். பேராயர் அண்ணாந்து பார்த்தார். என்ன வரும் என்று எதிர்பார்த்தாரோ தெரியாது.

அன்று மாலையே கமிட்டி அவசரமாகக் கூடி, விழாப் படங்களிலிருந்து மழையை நீக்க ஏகமனதாகத் தீர்மானித்தது. மழையில்லாத படத்தில் பேராயர் மட்டும் ஏன் ஈரமாக இருக்கிறார் என்ற கேள்வி எழுந்ததால், அவருடைய இடத்தில் ஒரு தொட்டி வைக்கலாமா என்று டோரதியிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள்.

பேராயர் நனைந்துகொண்டிருக்கும்போதே பெர்சிஸ் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். தெருவில் மழை வலுத்தது. அவர் கையை நீட்டினார். அவள் குடையைக் கொடுத்தாள். விரித்து அவள் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் எட்டி, வெளியே நனைந்தபடி நடந்தார். உள்ளே வாங்கப்பா என்று அவள் இழுத்தும் வரவில்லை. அவருக்குக் குடை பிடிக்கத் தெரிந்தது அந்த ஒரு மாதிரிதான்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றார்கள்.

"பெர்சி" என்றார் சாமுவேல். "எண்பத்தொண்ணுல நான் வந்தேன் தானே?"

"வந்தீங்கப்பா."

"நீ பாத்தியா?"

அவள் பார்த்திருந்தாள். திரையில், பெரிதாக்கி, சட்டையின் ஈரம் வரைக்கும் பார்த்திருந்தாள். காட்டுவதற்கு இப்போது அவளிடம் எதுவும் இல்லை.

"பாத்தேன்பா. சிரிச்சிட்டு இருந்தீங்க."

கூட்ஸ் வண்டி நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. அது போய் முடிந்து கேட் திறந்ததும், முதலிலிருந்து மறுபடியும் கேட்டார்.